சுவரைவிட மெலிந்த சாந்து

மண் சுவர் வீட்டைப் பழுது பார்க்கப் போனால், வீட்டுக்காரர் முதலில் கை நீட்டிக் காட்டுவது விரிசலைத்தான். உடனே சாந்து குழைத்து அடைத்துவிடத் தோன்றும். ஆனால் விரிசல் வேறெங்கோ தொடங்கிய கோளாறின் கடைசி அறிகுறி. அந்தக் கோளாறு பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும். மழை கொட்டும்போது வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தால், வெயில் நாளில் ஒரு வாரம் பார்த்தாலும் புலப்படாதது அரை மணியில் தெரிந்துவிடும். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த இடத்தில் குழி பறிக்கிறதா, தெறிக்கும் சேறு சுவரில் எவ்வளவு உயரம் ஏறுகிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய வீடுகளில் அநேகமாக எப்போதும் ஒரு பொதுக் குறை உண்டு. பல பத்தாண்டுகளாகக் குப்பை, மண், தளம் என்று ஏறி ஏறி, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்து போயிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் என்ன பூசினாலும் நிற்காது. வெளித்தரையை உள்தரைக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. வரை இறக்கி, சுவரிலிருந்து விலகி ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு கொடுத்தாலே பாதி நோய் தீரும். ஆனால் தோண்டும் முன் அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று ஒரு சிறு குழி எடுத்துப் பார்க்காமல் கடப்பாரையைத் தொடக்கூடாது. ஆழமில்லாத அடித்தளத்தின் ஓரத்தை நீளவாக்கில் ஒரே நாளில் திறந்துவிட்டால் சுவர் வெளிப்பக்கம் நழுவும்.

அடுத்து பார்க்க வேண்டியது சிமெண்ட் பூச்சு. இன்றைய சிமெண்டின் முன்னோடியான போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அதற்கு முந்தைய சுவர்களும், பின்னால் சிமெண்ட் எட்டாத ஊர்களில் எழுந்த சுவர்களும், ஈரத்தை வாங்கி வெயிலில் திருப்பி விடும் கணக்கில் கட்டப்பட்டவை. அவற்றின் மேல் சிமெண்ட் பூசினால் முதல் இரண்டு மூன்று வருடம் வீடு புதிதாக நிற்கும். பிறகு மண் தன் போக்கில் விரிந்து சுருங்க, விறைப்பான சிமெண்ட் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மயிரிழையாக வெடிக்கும். அந்த இழை வழியே தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழி கிடையாது. தரை ஓதம், அதாவது தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம், ஏறாமலிருக்கச் சுவரடியில் மட்டும் சிமெண்ட் பூசுவது இன்னும் கெடுதல். ஓதம் நிற்காது. பூச்சு முடியும் உயரத்தைத் தாண்டி மேலே ஏறி, அங்கே உப்புப் பூக்கும். காய்ந்த மண் கல்போல் தாங்கும், ஊறிய மண் மாவுபோல் பிதுங்கும். முழுச் சுவரின் பாரமும் சுவரடியில்தான் இறங்குகிறது என்பதால், இது வெறும் அழகுக் குறை இல்லை.

விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் பூச்சு எங்கே விட்டிருக்கிறது என்று காது சொல்லும். ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் கனமாக, உடனே அடங்கும். விட்ட இடத்தில் காலிப் பெட்டியைத் தட்டியது போல் கேட்கும். அந்த இடத்தில் உளியைச் சாய்த்துப் பிடித்து மெல்ல நெம்பினால் பூச்சு ஒரு தட்டைப் பாளமாகக் கழன்று வரும். அதன் முதுகில் சுவரின் மண் ஒரு விரற்கடை அளவுக்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். உள்ளே இருக்கும் மண் கறுத்து, கையில் எடுத்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்கும். சில வீடுகளில் வெள்ளை நூலாக வேர்களும் ஓடியிருக்கும்.

கெட்டியாக ஒட்டியிருக்கும் பூச்சைச் சுத்தியலால் அடித்துப் பெயர்க்கக் கூடாது. பூச்சோடு பாதிச் சுவரும் வந்துவிடும். மெல்லிய வெட்டு வட்டு கொண்டு ஒரு சாண் சதுரங்களாகக் கீறி, ஒவ்வொரு சதுரமாக ஓரத்திலிருந்து நெம்ப வேண்டும். சுவரடி மிகவும் ஊறியிருந்தால் முதலில் கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். சில சுவர்கள் அந்தச் சிமெண்ட் தோலின் பிடியில்தான் நின்றுகொண்டிருக்கும்.

பிறகு காத்திருப்பு. ஊறிய சுவர் 25 மி.மீ. காய ஒரு மாதம் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 45 செ.மீ. தடிமச் சுவருக்கு அது 18 மாதம். இரு பக்கமும் திறந்திருந்து காற்றோட்டமும் இருந்தால் குறையும். இதைச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் வாடும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மேலே மட்டும் காய்ந்த சுவரில் அவசரமாகப் பூசியதுதான் அடுத்த மழைக்கு முன்பே உப்புப் பூத்து உதிர்கிறது.

கரைந்துபோன சுவரடியைக் குழைத்த மண்ணால் அப்பி நிரப்புவது பலரும் செய்கிற தவறு. ஈர மண் காயும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று அறிய, 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம் உள்ள மரப்பெட்டியில் எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை இறுக்கி நிரப்பிக் காயவிட்டு, ஓரத்தில் விழுந்த இடைவெளியை அளக்கலாம். 12 மி.மீ. விழுந்தால் 2 விழுக்காடு. அதே மண்ணால் 3 மீட்டர் நீளத்துக்கு அப்பினால் 6 செ.மீ. சுருக்கம் எங்காவது விரிசலாகத் திறந்துதானே ஆகும்? திறக்கும் இடம் பழைய மண்ணும் புது மண்ணும் சேரும் கோடுதான். ஆகவே, உதிர்ந்த பழைய மண்ணையே நனைத்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்து, கட்டிகளாக அறுத்து, நிழலில் திருப்பித் திருப்பி முழுக்கக் காயவைத்து எடுக்க வேண்டும். சுருங்க வேண்டியதெல்லாம் அங்கேயே சுருங்கிவிடும். பிறகு அரித்த பள்ளத்தைச் சதுரமாக வெட்டி, படி படியாகத் தட்டையான தளம் வைத்து, மெல்லிய மண் சாந்தில் கட்டிகளைப் பதிக்கலாம். ஒரு தடவைக்கு 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரைதான். அடுத்த துண்டைத் தொடாமல் விட்டு அதற்கடுத்த துண்டு, அது இறுகிய பிறகு விட்டுப்போன துண்டு.

பழைய மண் போதாமல் வெளி மண் எடுக்க நேர்ந்தால், மேல்மண்ணை நீக்கிவிட்டு அடியிலிருந்து எடுக்க வேண்டும். கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் உட்காரும். அதன் மேல் வண்டல் ஓரிரு மணி நேரத்தில் படியும். களி, அதாவது களிமண், படிந்து தண்ணீர் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். களி 15 முதல் 25 விழுக்காடு வரை இருந்தால் சுவருக்கு ஏற்ற மண். சீசா கிடைக்காத இடத்தில் மண்ணைப் பிசைந்து 3 செ.மீ. தடிமனுக்கு உருட்டி, மேசை ஓரத்திலிருந்து மெதுவாக வெளியே தள்ளினால் போதும். தொங்கும் பகுதி 5 செ.மீ. ஆவதற்குள் உடைந்தால் மணல் அதிகம். 15 செ.மீ. தாண்டியும் உடையாவிட்டால் களி அதிகம்.

சுண்ணாம்புக்கு வருவோம். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதைத் தண்ணீரில் நீற்றினால் கொதித்துக் குழம்பாகும். சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் நீற்றுத் தொட்டிக்கு அருகில் விடக் கூடாது. நீறியதைச் சலித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் அது நாளாக ஆக வெண்ணெய் போல் ஆகும். மூன்று வருடத்துக்குக் குறைந்த சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது என்று பழைய ரோமானியக் கட்டடச் சட்டம் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அவ்வளவு இல்லாவிட்டாலும் மூன்று மாதமாவது வேண்டும். முழுக்க நீறாத துணுக்கு ஒன்று பூச்சில் போனாலும், பின்னால் அது ஈரம் இழுத்து வீங்கி, காசு அகலத்துக்குச் சில்லுப் பெயர்க்கும்.

மணல் எவ்வளவு சேர்ப்பது? ஒன்றுக்கு மூன்று என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கணக்கை மணலிடமே கேட்க வேண்டும். ஒரு லிட்டர் பாத்திரத்தில் நன்றாகக் காய்ந்த மணலை நிரப்பி, அளந்த தண்ணீரை மணல்மட்டம் வரும்வரை ஊற்றுங்கள். 330 மில்லி பிடித்தால் மணலின் இடுக்கு மூன்றில் ஒரு பங்கு, அந்த இடுக்கை நிரப்பத் தேவையான சுண்ணாம்பும் அவ்வளவே. ஒரே அளவுப் பருக்கை உள்ள மணல் இன்னும் அதிகம் பிடிக்கும், சாந்தும் அதிகம் வெடிக்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் குழி மணலுக்கு மூன்றுக்கு ஒன்று, ஆற்று மணலுக்கும் கடல் மணலுக்கும் இரண்டுக்கு ஒன்று என்று பிரித்து எழுதியதிலேயே மணலுக்கு மணல் கணக்கு மாறும் என்ற தெளிவு இருக்கிறது. குழைக்கும்போது சாந்து விறைப்பாகத் தோன்றினால் தண்ணீர் சேர்க்கக் கை பரபரக்கும். சேர்க்காமல் இன்னும் இடித்துக் குழைத்தால் சுண்ணாம்புக்குள் இருக்கும் தண்ணீரே சாந்தை இளக்கிவிடும். மிகுதித் தண்ணீர் அத்தனையும் பின்னால் சுருக்க விரிசலாகத் திரும்பி வரும்.

மண் சுவருக்கு மண் பூச்சே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. மழை நேராக அறைகிற பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்புப் பூச்சு போதும். எந்தப் பூச்சானாலும் தாங்கும் சுவரைவிட மெலிந்ததாக, மென்மையானதாக இருக்க வேண்டும். தேய்வது பூச்சாக இருக்கட்டும், சுவர் தேயக் கூடாது. மாலி நாட்டின் ஜென்னேயில் 1907இல் கட்டிய பெரிய பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் ஊரே கூடி மண் பூசுகிறது. பூசுகிறவர்கள் ஏறி நிற்க உதவும்படி சுவரில் கட்டை முனைகளை நீட்டி விட்டிருக்கிறார்கள். பூச்சு தேயும், திரும்பப் பூச வேண்டும் என்பதைக் கட்டும்போதே கணக்கில் எடுத்த சுவர் அது.

சுண்ணாம்புப் பூச்சு ஒரு தடவைக்கு 10 மி.மீ. தாண்டக் கூடாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் அது மறுபடி கல்லாகிறது. ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். அதற்கு லேசான ஈரமும் வேண்டும். வெயிலில் வெடுக்கென்று காய்ந்த பூச்சைத் தடவினால் உள்ளங்கை முழுக்க வெள்ளைத் தூள். நனைத்த சாக்கைச் சுவரில் படாமல் முன்னால் தொங்கவிட்டு, ஒரு வாரம் அந்தச் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். உறைபனி விழும் காலத்தில் இந்த வேலையே கூடாது. கட்டைவிரல் அழுத்தினால் பதியாமல், நகம் மட்டும் கீறும் பக்குவத்தில் மரக்கட்டையால் வட்டமாகத் தேய்த்தால் சுருக்க விரிசல்கள் மூடிக்கொள்ளும். இரும்புக் கரணையால் மழமழவென்று இழைத்தால் சுண்ணாம்பு மேலே வந்து தோலாக அடைத்து, உள்ளே காற்று போகாது.

மரவேலையில் முதலில் பார்க்க வேண்டியது உத்திரத்தின் முனைகள். நடுவில் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் உத்திரம், சுவருக்குள் புதைந்த முனையில் உளுத்திருக்கும். தமரூசி என்ற கூரான துளையூசியால் குத்தினால் நல்ல மரம் எதிர்க்கும், உளுத்தது வழிவிடும். உத்திரம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே இன மரத்தில், அதே ரேகைப் போக்கில், உத்திர உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்துக்குச் சாய்வாக ஒட்டு வெட்டி, காய்ந்த மர ஆணி அடித்து இறுக்கலாம். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். அங்கே சிமெண்ட் திணித்ததால்தான் முதல் முனை உளுத்தது.

கடைசியில் வெள்ளையடிப்பு. சுவரை நனைத்து, பால் பதத்துக்குக் கரைத்த சுண்ணாம்பை ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விட்டு அடிக்க வேண்டும். அடித்தவுடன் சுவர் தெரியும், ஒன்றுமே படவில்லை என்று நினைத்துக் கெட்டியாகக் கரைத்து அடிப்பவர்கள் அடுத்த மாதமே அது செதிலாக உரிவதைப் பார்ப்பார்கள். மெல்லியது காயக் காய வெளுக்கும். மிச்சமாகும் நீற்றிய சுண்ணாம்பை ஒரு வாளியில் போட்டுத் தண்ணீர் நிறுத்தி மூடி, வேலைக்கு எடுத்த அதே மணலில் ஒரு மூட்டையோடு வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மூடியின் மேல் கலவைக் கணக்கை எழுதி வைத்துவிட்டுத்தான் சாரத்தை அவிழ்க்க வேண்டும்.