காணிக்கை உறையின் பின்பக்கம்

1994இல் நான் எழுதிய உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த கிழமை, அம்மா ஒரு நன்றிக் காணிக்கை உறையை என் கையில் தந்தார். காசை அவர் வைத்துவிட்டார். காரணத்தை நான் எழுத வேண்டும். எங்கள் சபையில் போதகர் அதை ஆராதனையில் வாசிப்பார் என்பதால், நீலப் பேனையால் அழகாக எழுதினேன்: "எனது கடின உழைப்பினால் கிடைத்த சிறந்த பெறுபேற்றுக்காக."

வாசலில் உறைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றவர், யாழ்ப்பாணக் கல்லூரியில் எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த மாஸ்ரர். வாசித்தார். கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், குரலை உயர்த்தாமல் கேட்டார்: "தம்பி, இதிலை நீர் கடவுளுக்கு நன்றி சொல்லுறீரோ, இல்லாட்டி அவருக்கு அறிவிக்கிறீரோ?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் உறையைத் திருப்பித் தந்து, தன் சட்டைப் பையிலிருந்த பேனையையும் நீட்டினார். "பின்பக்கம் வெறுமையாத்தான் கிடக்கு. உமக்குக் கிடைச்சது என்னவெண்டு யோசிச்சு எழுதும்."

ஆராதனை மணி அடித்துவிட்டது. சுவரில் வைத்து அவசரமாக எழுதினேன்: "சங்கானையில் கிடைத்த மண்ணெண்ணெய்க்காக."

போர் நடந்த அந்த வருடங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990இலிருந்து மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தடைசெய்யப்பட்ட பொருள், கிடைத்தாலும் யானை விலை. வெறும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, திரியைக் கம்பியால் பிடித்துக் கொளுத்துவோம். பெரிய விளக்கின் எண்ணெயில் அது பல இரவுக்கு எரியும். சித்தங்கேணியில் எங்கள் வீட்டில் அதற்கும் வழியில்லாத மாதங்கள் இருந்தன. அப்போதெல்லாம் சைக்கிளில் சங்கானைக்குப் போய், என் வகுப்புச் சிநேகிதனின் வீட்டு மேசையில் படித்தேன். திரி கருகி வெளிச்சம் இறங்கினால் அவன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, தன் குப்பியிலிருந்து நாலு சொட்டு விட்டுவிட்டு இருட்டுக்குள்ளேயே திரும்பிப் போவார். போத்தலை அவன் எப்போதும் என் கொப்பிப் பக்கமாகத் தள்ளி வைப்பான்.

எனக்கு மூன்று ஏ, ஒரு பி. மருத்துவ பீடம் கிடைத்தது. அவனுக்குப் பல்கலைக்கழகமே கிடைக்கவில்லை. ஒரே மேசை, ஒரே விளக்கு, ஒரே நோட்ஸ்.

"தேவ கிருபையால் சித்தியடைந்தேன்" என்று சொல்ல எனக்கு வாய் கூசத் தொடங்கியது அதன் பிறகுதான். அப்படியானால் அவனிடம் அந்தக் கிருபை வரவில்லையா? பல வருடம் இதோடு அலைந்தேன். கடைசியில் வேதாகமத்தில் பவுல் கொரிந்தியரிடம் கேட்ட கேள்வியில்தான் கால் ஊன்ற முடிந்தது: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" கடவுளுக்கு மகிமை செலுத்துவது, அவர் என்னை மற்றவனுக்கு மேலே தூக்கி வைத்தார் என்று சாட்சி சொல்வதல்ல. இது என்னிடம் உண்டானதல்ல, வந்து சேர்ந்தது என்று ஒத்துக்கொள்வது. வந்து சேர்ந்ததென்றால் வந்த வழி ஒன்று இருக்கும். என் வழியில் ஒரு அம்மாவின் மண்ணெண்ணெய்க் குப்பி இருந்தது.

நம் ஊரில் மருத்துவம் படித்தவர்கள் சாமுவேல் கிறீனை மறக்கக்கூடாது. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்து, அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றுவித்தவர். தமிழிலேயே படிப்பிப்பதற்காக மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். இவ்வளவும் செய்தவர் தன் கல்லறைக் கல்லில் பொறிக்கக் கேட்டது, பெயரும் வருடங்களும் போக, இரண்டே விஷயம்: தமிழருக்கு மருத்துவ ஊழியன், இயேசுவே என் எல்லாம்.

இங்கே லண்டனில் சத்திரசிகிச்சை முடிந்து வெளியே வரும்போது, நம்மவர்கள் சிலர் கையைப் பிடித்துக்கொண்டு, "டொக்டர், நீங்கள் எங்களுக்குக் கடவுள் மாதிரி" என்பார்கள். "எல்லாம் கடவுள் செயல்" என்று சொல்லிவிட்டு நடப்பது என் வழக்கமாக இருந்தது. நல்ல வார்த்தைதான், ஆனால் நான் அதை யோசிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் நின்று, மயக்க மருந்து கொடுத்தவரையும், பஞ்சுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்த தாதியையும், பெயர் தெரியாமல் இரத்தம் கொடுத்தவரையும் சொல்கிறேன். அப்புறம் கடவுளுக்கு நன்றி சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் வருகிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, எங்கள் ஊர்கள் இருக்கும் வலிகாமப் பகுதியே எழும்பி இடம்பெயர்ந்து நடந்தபோது, எங்கள் இரண்டு குடும்பங்களும் திசைமாறிப் போயின. அவனுடைய தொலைபேசி இலக்கம் எனக்குக் கிடைத்தது போன வருடம்தான். மீண்டும் சங்கானையிலேயே இருக்கிறான், சின்னக் கடை வைத்திருக்கிறான். அம்மா காலமாகிவிட்டாராம். உறையில் எழுதிய வரியை அவனுக்கு இப்போதுதான் சொன்னேன். அந்த ஜாம் போத்தலை எப்போதும் என் பக்கம் தள்ளி வைப்பாயே என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டான்: "எந்தப் போத்தலடா?"