மூணு மணி நேரக் கச்சேரிக்குப் பதிமூணு மணி நேரம்

கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழாக் கச்சேரிக்குச் சம்பளம் பேசும்போது முதலில் சொல்வது, "ஏழிலிருந்து பத்து வரைக்கும்தானே!" தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்கள் ஏமாறும் இடமும் அதுதான்.

கேரளத்தின் ஒற்றப்பாலத்தில் கச்சேரி என்று வையுங்கள். பொள்ளாச்சியில் மதியம் 1 மணிக்கு வண்டி கிளம்பும். எல்லையிலுள்ள கோபாலபுரம், பிறகு பாலக்காடு தாண்டி மூணரைக்குப் போய் இறங்கி, ஒயர் இழுத்து, சவுண்டு செக் முடிக்க ஆறாகிவிடும். பத்துக்குக் கச்சேரி முடிந்து, சாமான் ஏற்றி, சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர ராத்திரி 2 மணி. மொத்தம் 13 மணி நேரம்.

ஒரு கணக்குக்கு, பேசிய தொகை 60,000 ரூபாய். சவுண்டுக்கு 15,000, வண்டிக்கு (கேரள வரி, பர்மிட் சேர்த்து) 7,000, சாப்பாட்டுக்கு 3,000, ஏஜென்ட் கமிஷன் 6,000 போனால் மீதி 29,000. அதில் பாடகர் இரண்டு பேருக்கும் சேர்த்து எட்டாயிரம், கீபோர்டு 5,000, ரிதம் பேட் 3,500, தபேலா, பேஸ் கிடார் தலா மூவாயிரம். குழுத் தலைவர் கையில் 6,500 நிற்கும். தபேலாக்காரரின் 3,000-ஐப் பதிமூணால் வகுத்தால் மணிக்கு 230 சொச்சம். கமிட்டி கேட்கிற புதுப்பாட்டுக்கு டோன் செட் பண்ணிப் பழக கீபோர்டுகாரர் செலவழித்த சாயங்காலங்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. "கரோக்கி டீம் இருபதாயிரத்துக்கு வர்றாங்களே" என்பார்கள். வரட்டும். அது பதிவு செய்த இசைக்குப் பாடுவது, வேறு சரக்கு, அதற்காக நம் விலையைக் குறைக்க வேண்டியதில்லை.

எல்லை தாண்டும் குழுக்களுக்கு இன்னொரு வம்பு உண்டு. கேரளக் கமிட்டிக்காரர்கள் தேதியை மலையாள மாசத்தில் "மீனம் இருபது" என்று சொல்வார்கள், நம் ஆள் பங்குனி 20 என்று காலண்டரில் குறித்துக்கொள்வார். இரண்டு மாசமும் எல்லா வருஷமும் ஒரே நாளில் பிறப்பதில்லை, சில சமயம் ஒரு நாள் முன்னே பின்னே வரும். அதனால் ஆங்கிலத் தேதியைக் கிழமையோடு வாங்குங்கள்.

பேசி முடித்ததும் கமிட்டிச் செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கினால் பாதித் தகராறு தீரும். தேதி, எத்தனை பேர், மொத்தத் தொகை, அட்வான்ஸ், பாக்கி எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அட்வான்ஸ் 40 சதவீதமாவது வேண்டும். கும்பம், மீனம் (நம் மாசி, பங்குனி) திருவிழா சீசனில் கடைசி வாரத்தில் ரத்து செய்தால் அந்தத் தேதிக்கு வேறு கச்சேரி கிடைக்காது, ஆகவே அட்வான்ஸ் திரும்பாது என்றும் எழுதுங்கள். குழு வந்து இறங்கிய பிறகு மழை பிடித்தால் ஆட்களின் கூலி முழுசாக வர வேண்டும். திறந்த மேடையில் தூறலிலும் வாசிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கீபோர்டில் தண்ணீர் இறங்கினால் ஒரு சீசன் வருமானமே போச்சு.

நேரத்தை எப்படி எழுதுவது என்பதுதான் முக்கியம். ஏழுக்குத் தயாராக நிற்பீர்கள். பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிய எட்டரை ஆகும். ஒலிபெருக்கிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை தடை இருப்பதால் பத்தடித்ததும் போலீஸ் வந்து நிறுத்தும். உடனே பொருளாளர், "ஒண்ணரை மணி நேரம்தானே பாடினீங்க?" என்று பிடித்தம் பேசுவார். அதனால் "7 மணிக்கு மேடையில் தயாராக இருப்போம், அப்போதிருந்து நேரம் ஓடும்" என்று எழுதிவிடுங்கள். பாக்கியை மேடையேறும் முன்பே வாங்கிவிட வேண்டும். பத்தரைக்கு மேல் பொருளாளர் வெடிக்கட்டு (வாணவேடிக்கை) பக்கம் போய்விடுவார், போனையும் எடுக்க மாட்டார்.

பாட்டுக்கான உரிமக் கட்டணம் நிகழ்ச்சி நடத்துகிறவர் பாடு. ஐபிஆர்எஸ் என்ற உரிமச் சங்கம் வசூலிக்கும் அந்தப் பணம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடல் உரிமை வைத்திருக்கும் வெளியீட்டாளர் ஆகியோருக்குப் போவது, மேடையில் பாடுகிறவருக்கு இல்லை. அதைக் குழுவின் தொகையில் கழிக்க விடாதீர்கள். கல்யாண வீட்டுக் கச்சேரிக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அதே சட்டத்தின் 38ஏ பிரிவுப்படி, உங்கள் கச்சேரியைப் படம் பிடிக்கும் உரிமை உங்களுடையது. வீடியோக்காரர் யூடியூபில் ஏற்றப் போகிறார் என்றால் அதற்குத் தனித்தொகை பேசலாம்.

குழுத் தலைவர்களுக்கும் ஒன்று. மேலே உள்ளது போன்ற கணக்கை ஒரு தாளில் எழுதி, வண்டி கிளம்பும் முன்பே எல்லோருக்கும் காட்டுங்கள். திரும்பி வரும்போது, கோபாலபுரம் செக்போஸ்ட் வருவதற்குள் ஒவ்வொருத்தர் கூலியையும் ஜிபேயில் போட்டுவிடுங்கள்.