கரண்ட் போனாலும் தானே எழுந்து நிற்கும் திரை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நன்கொடையாக வந்த 32 அங்குல டிவி ஒன்று சும்மா மாட்டியிருந்தது. புதிதாக வந்த நூல்களையும் போட்டித் தேர்வு அறிவிப்புகளையும் அதில் காட்ட முடியுமா என்று நூலகர் அக்கா கேட்டார். வீட்டில் ராஸ்பெரி பை 3 என்ற கையடக்கக் கணினி இருந்தது. 2016-இல் வந்த போர்டு, ரேம் 1 ஜிபிதான். ஒரு வலைப்பக்கம் காட்ட அது போதும்.

ஏற்பாடு எளிது. பையின் இயங்குதளத்தில் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு, ஒரே ஒரு செயலியை முழுத்திரையில் ஓட்டும் கேஜ் என்ற மென்பொருள், அதற்குள் கியாஸ்க் முறையில், அதாவது பட்டன் எதுவும் இல்லாமல் பக்கத்தை மட்டும் காட்டும்படி, குரோமியம் உலாவி. முதல்முறை திரை வந்தபோது தமிழெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. தமிழ் எழுத்துரு இல்லை. லோகித் தமிழைப் போட்டதும் 'புதிய வரவுகள்' பளிச்சென்று வந்தது. அக்கா எழுந்து வந்து திரைக்கு அருகில் நின்று ஒவ்வொரு தலைப்பாக வாசித்தார்.

உண்மையான வேலை அப்புறம்தான். நூலகத்தைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிடுவார்கள். ஷட்டவுன் செய்துவிட்டு அணையுங்கள் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பையின் இயங்குதளம் இருக்கும் எஸ்டி கார்டு கெடலாம். மூன்றாவது வாரமே ஒன்று போனது. அதனால் புதுக் கார்டில் ஓவர்லே முறையை இயக்கினேன். இனி கார்டில் எதுவும் எழுதப்படாது. எல்லாம் ரேமுக்குப் போய், அணைத்ததும் மறைந்துவிடும்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை அக்காவின் போன்: "தம்பி, பாதுகாப்பு இல்லைனு இங்கிலீஷ்ல என்னமோ வருதுப்பா."

போய் லாக்கை, அதாவது பை தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவை, பார்த்தேன். முதல் வரிகளில் இரண்டு மாதம் முந்தைய தேதி, நான் ஓவர்லேயை இயக்கிய அதே நாள். சட்டென்று புரிந்தது. பை 3-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கடைசி நேரத்தைக் கார்டில் குறித்துவைத்து, அடுத்த முறை அங்கிருந்து தொடங்கும். இப்போது குறிக்க வழியில்லை. ஆக, தினமும் காலையில் அது அந்தப் பழைய தேதியில்தான் விழித்திருக்கிறது. சில வினாடி கழித்து இணையத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறது. வலைப்பக்கத்தை நம்பலாம் என்று உலாவிக்குக் காட்ட ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு; அது எந்தத் தேதியிலிருந்து எதுவரை செல்லும் என்பது அதிலேயே இருக்கும். பழைய சான்றிதழ் இருந்தவரை குரோமியத்துக்கு அந்தப் பழைய தேதி உறுத்தவில்லை. நான் போட்டிருப்பது லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ், 90 நாள் ஆயுள். முந்தைய இரவு அது தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அந்தப் பழைய தேதியிலிருந்து பார்த்தால் அது இன்னும் பிறக்காத சான்றிதழ். நேரம் திருந்திய பிறகும் பிழைப் பக்கம் அப்படியே நின்றுவிட்டது.

நேரம் சரியாகும்வரை காத்திருக்கும் சேவை, லினக்ஸில் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியிலேயே இருக்கிறது. அதை இயக்கி, குரோமியம் அதற்குப் பிறகே தொடங்கும்படி ஒரு வரி சேர்த்தேன். இணையம் சரியாக வராத இடமென்றால் டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூல் ஒன்றை வாங்கிப் பொருத்துவதே நல்லது.

அப்புறம் அக்கா முன்னாலேயே மெயினைப் பத்து முறை அணைத்துப் போட்டேன். பத்து முறையும் 'புதிய வரவுகள்' வந்தது.