கணக்கு சேரும் சீலோவாம் கோபுரமும்

எங்கள் பாடசாலையில் கணக்கு படிப்பித்த ஆசிரியர், நாங்கள் 'கணக்கு சேர்' என்று அழைத்தவர், காலமாகிவிட்டார். பழைய மாணவர் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி சங்கச் செயலாளர் கேட்டார். மேல்மாடி வகுப்பு, சுண்ணக்கட்டி படிந்த சட்டைக் கை, விடை சரியாக இருந்தாலும் படிமுறை எழுதாவிட்டால் புள்ளி தராத கண்டிப்பு, இவற்றையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். என்னுடைய விசுவாசம் அவரால் வந்தது. நான் அதைத்தான் எழுத வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா தினம். சுமாத்திரா அருகே கடலடியில் எழுந்த சுனாமி அலை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. நாடு முழுவதும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட ரயிலே பெரலியவில் கடலுக்கு இரையானது. மட்டக்களப்பு நாவலடியில் இருந்த என் மாமா, மாமி, மச்சாள்மார் எல்லோரும் போனார்கள். மாமாவின் உடல் மட்டும் கிடைத்தது.

விடுமுறைக் காலமென்றாலும் நம் பாடசாலை மண்டபம் நிவாரணப் பொருட்களால் நிறைந்திருந்தது. அரிசி, பருப்பு, பால்மா, உடுப்பு. சேர் தரையில் சம்மணமிட்டு, கோணி ஊசியால் சாக்குகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். பொதி கொண்டுவந்த பெரியவர் ஒருவர், அந்தக் கரையோரச் சனங்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்றார். நான் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் இருந்துவிட்டேன். கையிலிருந்த சாக்கைத் தைத்து முடித்த பிறகு சேர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். தன் வேதாகமத்தில் லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்கிறார். அப்படியல்ல என்று அவரே விடையும் சொல்கிறார்.

"கடவுள் ஏன் தடுக்கவில்லை, சேர்?"

"தெரியாது, தம்பி. இதற்குப் படிமுறை என்னிடம் இல்லை. லாசருவின் கல்லறையில் இயேசு அழுதார். அது மட்டும் தெரியும்."

ஒவ்வொரு வரிக்கும் நிறுவல் கேட்ட மனிதர் அப்படிச் சொன்னது எனக்குள் ஆழமாக இறங்கியது. ஆறுதல் சொல்ல வந்த எவரும் தெரியாது என்று என்னிடம் சொன்னதில்லை.

ஜனவரியில் அந்தப் பொருட்களை ஏற்றிய லொறியோடு நானும் அம்மாவும் போனோம். சேரும் வந்தார். கல்லடிப் பாலம் தாண்டி நாவலடிக்குப் போனால், மாமா வீட்டில் அத்திவாரமும் மணல் மூடிய கிணறும்தான் மிச்சம். அம்மா கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி தேவாரம் பாடத் தொடங்கினார். குரல் உடைந்து உடைந்து வந்தது. சேர் செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மா பாடி முடிக்கும்வரை வெயிலில் தலைகுனிந்து நின்றார். பிரசங்கம் செய்யவில்லை, சுவிசேஷப் பிரசுரம் நீட்டவில்லை. யோபுவின் நண்பர்கள் வாய் திறந்த பிறகுதான் பிழைவிட்டார்கள், அதற்கு முன் ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்கள் என்று பின்னொரு நாள் வேதவாசிப்பில் அவர் சொன்னபோது, அந்த மத்தியானம் எனக்கு விளங்கியது. இவரை இப்படி நிற்கவைத்த இயேசுவை நானும் அறிய வேண்டும் என்ற தாகம் அங்கேதான் பிறந்தது. அன்றிரவு லொறியில் முதன்முறையாக இயேசுவிடம் ஜெபித்தேன். மாமாவுக்காக அழுதுகொண்டே ஜெபித்தேன்.

வெள்ளவத்தையில் ஒரு சிறிய ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றேன். அம்மா திருநீற்றோடு வந்து, கடைசி வாங்கில் சேரின் மனைவிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அதற்காக இருவருக்கும் என்றும் நன்றியுடையேன்.

பிறகு நானும் கனடா வந்துவிட்டேன். மாலை ஆராதனைக்கு ஆள் குறைந்துவிட்டது, ஓர்கன் வாசிக்கவும் யாருமில்லை என்று சேர் எழுதுவார். வா என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. அவர் வளர்த்தெடுத்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஸ்காபரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறோம். அவருடைய பெட்டியைத் தூக்க அயல் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்களாம். அதைக் கேட்ட நாள்முதல் மனம் ஆறவில்லை.

கொழும்பில் இருக்கும் நண்பர்களே, சேரின் மனைவி டீச்சர் இப்போது தனியாக இருக்கிறார். முழங்கால் வலியால் ஆலயத்துக்கு நடந்து போக முடியவில்லை. ஞாயிறு மாலைகளில் யாராவது ஓட்டோ பிடித்து அவரைக் கூட்டிப்போங்கள். செலவை நாங்கள் இங்கிருந்து அனுப்புகிறோம்.