எக்ஸ்வி6 கெர்னலுக்கு ஒரு டிரேசர்: பூட் ஆகாமல் நின்ற கதை

எம்ஐடி பாடத்துக்காக எழுதப்பட்ட சிறிய இயங்குதளம் எக்ஸ்வி6. ரிஸ்க்-ஃபைவ் என்ற சிபியு வகைக்கான அதன் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்று ஓடும்போதே பார்க்க ஒரு டிரேசர் சேர்த்து வருகிறேன். ஜிசிசி கம்பைலரின் ‘இன்ஸ்ட்ருமென்ட் ஃபங்ஷன்ஸ்’ ஆப்ஷனைப் போட்டால், ஒவ்வொரு ஃபங்ஷனும் தொடங்கும்போதும் முடியும்போதும் நாம் எழுதும் ஒரு சிறு ஃபங்ஷனை (ஹூக்) அழைக்கும்படி கம்பைலரே கோடைச் சொருகிவிடும். ஹூக்குக்கு வேலை குறைவு: எந்த சிபியு என்று கேட்டு, அதற்குரிய பஃபரில் முகவரியை எழுதினால் போதும். (இந்த ஆப்ஷனைக் கெர்னல் கோப்புகளுக்கு மட்டும் தர வேண்டும். யூசர் புரோகிராம்களுக்கும் போனால் ஹூக் கிடைக்காமல் லிங்கர் நின்றுவிடும்.)

பில்ட் ஆனது. கியூஎமு எமுலேட்டரில் ஓட்டினால் ஒரு எழுத்துகூட வரவில்லை, பேனிக் செய்தியும் இல்லை. ஜிடிபி டீபகரில் பார்த்தால் பிசி (இப்போது ஓடும் கட்டளையின் முகவரி) பூஜ்ஜியம், எம்இபிசி (தவறு நடந்த முகவரி) பூஜ்ஜியம், எம்காஸ் (தவறின் வகை எண்) 1. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பூட்டின் அந்தக் கட்டத்தில் தவறோ இன்டரப்டோ வந்தால் (இதுதான் டிராப்) சிபியு தாவ வேண்டிய டிராப் ஹேண்ட்லர் இன்னும் அமைக்கப்படவில்லை. எந்தத் தவறு நடந்தாலும் சிபியு பூஜ்ஜிய முகவரிக்குத் தாவும், அங்கே ஒன்றும் இல்லாததால் மறுபடி தவறும். ஒவ்வொரு முறையும் முந்தைய தடயம் அழிந்துவிடும்.

கியூஎமுவை ‘டி இன்ட்’ ஆப்ஷனோடு ஓட்டினேன். அது எல்லா டிராப்பையும் வரிசையாக எழுதும். நமக்கு வேண்டியது முதல் வரி. செல்லாத கட்டளை, முகவரி கெர்னல் கோடுக்குள், டிவால் (இங்கே அந்தச் செல்லாத கட்டளையின் மதிப்பு) பூஜ்ஜியம். ஆனால் பில்ட் ஆன கோப்பிலுள்ள கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் அதே இடத்தில் ஒழுங்கான கட்டளை இருக்கிறது. அப்படியானால் லோட் ஆன பிறகு யாரோ அங்கே எழுதியிருக்கிறார்கள். நினைவகத்தைப் பார்த்தால், கெர்னல் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ரிட்டர்ன் முகவரி திரும்பத் திரும்ப வருகிறது. கோடின் மேல் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் ரிட்டர்ன் முகவரிகள் சேரும் இடம்) ஏறியிருக்கிறது!

ஹூக்கை ‘இன்ஸ்ட்ருமென்ட் செய்யாதே’ என்று குறித்திருந்தாலும், சிபியு எண்ணைக் கேட்க அது அழைக்கும் சிபியுஐடி ஃபங்ஷனுக்கு அந்தக் குறி இல்லை. அது ஹூக்கை அழைக்க, ஹூக் அதை அழைக்க, முடிவே இல்லை. சிபியுஐடியை மட்டும் குறித்தாலும் போதாது. சிபியு எண் இருக்கும் டிபி ரெஜிஸ்டரைப் படிக்கும் இன்லைன் ஃபங்ஷனுக்குள்ளும் ஜிசிசி ஹூக்கைச் சொருகுகிறது. பூட்டில் ஒவ்வொரு சிபியுவுக்கும் ஸ்டாக் 4096 பைட்தான். பூட் தொடங்கும் மெஷின் மோடில் பேஜிங் (நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து அனுமதி தரும் முறை) கிடையாது, தடுக்க ஆளில்லை. ஸ்டாக் கீழே இறங்கி டேட்டாவைத் தாண்டி கோடையே அழிக்கிறது. 64 பிட் ரிட்டர்ன் முகவரியின் மேல்பாதியான 32 பிட் பூஜ்ஜியம், அதைத்தான் சிபியு கட்டளையாகப் படித்திருக்கிறது. ரிஸ்க்-ஃபைவில் முழுப் பூஜ்ஜியம் செல்லாத கட்டளை என்றே வரையறுத்திருக்கிறார்கள். டிவால் பூஜ்ஜியமானது இதனால்தான்.

பேஜிங்கும் டிராப் ஹேண்ட்லரும் தயாரான பிறகு இதே பிழை நடந்தால் எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசை. டிரேசைத் தாமதமாக இயக்க ஒரு மாறி வைத்து ஓட்டினேன். இப்போது கோடு பக்கங்களில் எழுத அனுமதி இல்லாததால், ஸ்டோர் பேஜ் ஃபால்ட், காஸ் 15. அப்புறம் அதே ஃபால்ட் ஓயாமல் வருகிறது, முகவரி மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக 256 குறைகிறது. கெர்னலுக்குள் வரும் டிராப்பைக் கையாளும் கெர்னல்வெக், ரெஜிஸ்டர்களைச் சேமிக்க ஸ்டாக்கில் 256 பைட் ஒதுக்கும், அந்த ஸ்டாக்கே கெட்டிருப்பதால் முதல் ஸ்டோரிலேயே மறுபடி விழும். 256 என்ற அந்த இறக்கத்தைப் பார்த்தால் ஸ்டாக் வழிந்ததை உடனே சந்தேகிக்கலாம். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது இதுதான்.

லினக்ஸ் கெர்னலில் இப்படிப்பட்ட ஃபங்ஷன்களுக்கு ‘நோடிரேஸ்’ குறி இருக்கிறது. அங்கே டிரேசிங் செய்த சேதம் இன்னும் பெரியது. 2008-இல், 2.6.27-க்கு முந்தைய சோதனைப் பதிப்புகளில், இ1000இ நெட்வொர்க் கார்டுகளின் என்விராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) அழிந்தது. ஒரு மாட்யூலின் (கெர்னலில் ஓடும்போதே சேர்க்கும் பகுதி) தொடக்கக் கோடு இருந்து, பிறகு விடுவிக்கப்பட்ட முகவரியில் பின்னர் அந்தக் கார்டின் என்விராம் வந்து அமர, லினக்ஸின் டிரேசரான டைனமிக் எஃப்டிரேஸ் பழைய நினைப்பில் அங்கே எழுதியது.

இப்போது ஹூக் தொடும் எல்லா ஃபங்ஷனுக்கும் குறி போட்டாயிற்று. ஃபோர்க் செய்தால் (ஒரு பிராசஸை நகலெடுத்தால்) அலாக்பிராக், யுவிஎம்காப்பி, ஃபைல்டப் என்று வரிசை அழகாக விழுகிறது. பாக்கி ஒன்று: சிபியு எண்ணைக் கேட்டதற்கும் பஃபரில் எழுதுவதற்கும் இடையே டைமர் இன்டரப்ட் வந்தால் பிராசஸ் வேறு சிபியுவுக்கு மாறிவிடலாம். ஹூக் முடியும்வரை இன்டரப்டை அணைத்து வைக்கும் வேலை அடுத்து.