டெய்லர் வீட்டுப் பெண்

எங்கள் ஊரில் அப்பாவின் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. தாராபுரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அளவுள்ள கடையில் அவர் 31 ஆண்டுகள் தைத்தார். பலகையில் மேலே அவர் பெயரைச் சிறிதாகவும் கீழே 'டெய்லர்' என்பதைப் பெரிதாகவும் எழுதியிருந்தார்கள். வெயிலில் மேல் வரி முதலில் மங்கிப் போயிற்று. பிறகு எல்லோருக்கும் அவர் டெய்லர்தான். பெரியவர்களுக்கு டெய்லர், சிறியவர்களுக்கு டெய்லரண்ணா. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் உறையின் மேல் 'திரு. டெய்லர் குடும்பத்தினர்' என்றே எழுதிக் கொண்டுவருவார்கள். நான் டெய்லர் வீட்டுப் பெண்.

கல்லூரியில் கணிதம் சேர்ந்த முதல் ஆண்டு, பேராசிரியர் கரும்பலகையில் 'டெய்லர் தொடர்' என்று எழுதினார். எங்கள் ஊரிலிருந்து வந்த இரண்டு தோழிகளும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்று மாலை கடைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, மிகவும் அக்கறையாக, "அவரும் தைக்கிறவரா, கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று நானே அந்தத் தொடரைப் பாடமாக நடத்துகிறேன். அப்பாவின் கேள்வியும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. டெய்லர் என்ற பெயர் எந்தப் புத்தகத்தில் கண்ணில் பட்டாலும் நின்று, யார் இவர், என்ன செய்தார் என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

இங்கிலாந்தில் அது குடும்பப் பெயர். செய்த தொழிலே பெயராக நிலைத்த குடும்பங்கள் அங்கே ஏராளம். கொல்லர் ஸ்மித், ரொட்டி சுடுபவர் பேக்கர், மாவு அரைப்பவர் மில்லர். பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் கணவர் வழிப் பெயருக்குக் கூரை வேய்பவர் என்று பொருள். 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பெயர்கள் தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போக ஆரம்பித்து, தொழில் கைவிட்டுப் போன பின்னும் ஒட்டிக்கொண்டன. டெய்லர் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேரில் இருப்பது தையல் அல்ல, வெட்டு. துணியை வெட்டுகிறவர் என்பதே முதல் பொருள்.

கணிதப் புத்தகத்து டெய்லரின் முழுப் பெயர் புரூக் டெய்லர். 1685-இல் இலண்டனுக்கு வடக்கே எட்மண்டனில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். ஓவியமும் இசையும் கைவந்தவர். இங்கிலாந்தின் அறிவியல் அறிஞர் கழகமான ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தார். 1715-இல், ஏறக்குறைய முப்பது வயதில், இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். என் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்தத் தொடர் அதில்தான் இருக்கிறது. அதே ஆண்டு ஓவியர்களுக்காக, தொலைவிலுள்ள பொருள்களை எப்படி வரைய வேண்டும் என்பது பற்றியும் ஒரு நூல் எழுதினார். தைத்தவர் அல்லர். ஆனால் அவர் செய்ததை அப்பாவின் மேசையிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன்.

அப்பா ஜாக்கெட் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். துணியை மடித்து விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவுவார். அளவு ஜாக்கெட் பக்கத்தில் இருக்கும். கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பை இழுத்து, தோளில் ஒரு புள்ளி, மார்பளவில் நாலில் ஒரு பங்கு எடுத்து இன்னொரு புள்ளி. கை பொருந்தும் இடத்து வளைவுக்கு மட்டும் நடுவே நாலைந்து புள்ளிகள் கூடுதலாக வைப்பார். பிறகு மூச்சை நிறுத்திக்கொண்டு, எல்லாப் புள்ளிகளையும் தொட்டபடி சாக்பீஸை ஒரே இழுப்பாக இழுப்பார். வளைவு அதிகமாக இருந்தால் புள்ளிகள் நெருங்கும். நேராகப் போகும் இடத்தில் இரண்டே புள்ளி போதும்.

புள்ளிகள் வழியாக ஒரு வளைகோட்டைக் கொண்டுபோகும் சூத்திரத்தை நியூட்டன் கொடுத்திருந்தார். புரூக் டெய்லர் அந்தப் புள்ளிகளை ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டே போனார். இடைவெளி முழுவதும் மறைந்து எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால் என்ன மிஞ்சும்? கோடு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, அந்தத் திருப்பம் எப்படி மாறுகிறது என்ற விவரங்கள் மிஞ்சும். நல்ல குணமுள்ள சார்புகளுக்கு, ஒரே இடத்து விவரங்களை வைத்தே மற்ற இடங்களையும் கணக்கிட்டுவிடலாம். வகுப்பில் 0.5 ரேடியன் கோணத்துக்கு சைன் மதிப்பைப் போட்டுக் காட்டுவேன். முதல் உறுப்பு 0.5. அதன் மும்மடியை ஆறால் வகுத்துக் கழித்தால் 0.47917. அடுத்த உறுப்பையும் சேர்த்தால் 0.47943. ஐந்து தசம இடத்துக்கு உண்மை மதிப்பும் அதுவேதான். கால்குலேட்டரை வெளியே எடுத்த பிள்ளைகளின் முகம் மாறும் அந்த நிமிடத்துக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

இந்த இடத்தில் சங்கமகிராமத்து மாதவரைச் சொல்லாமல் நான் பாடத்தை முடிப்பதில்லை. கேரளத்தில் 14-ஆம் நூற்றாண்டில், புரூக் டெய்லருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சைனுக்கான இதே தொடரை அவர் கண்டுவிட்டார். அவர் மரபில் வந்த ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா' என்ற நூலில் அதன் நிறுவலை மலையாளத்திலேயே எழுதிவைத்தார். எல்லாச் சார்புகளுக்குமான பொதுவழி டெய்லருடையது. சைனுக்கு முதல் மரியாதை மாதவருக்கு.

புரூக் டெய்லரின் வாழ்க்கை எனக்கு மனதைப் பிசையும். 1721-இல் அவர் மணந்த பெண்ணுக்குச் சொத்து இல்லை என்று தந்தை பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டே ஆண்டில் அந்தப் பெண் பிரசவத்தில் இறந்தாள், குழந்தையும் பிழைக்கவில்லை. பிறகுதான் தந்தை மகனோடு சேர்ந்தார். 1725-இல் மறுமணம். 1730-இல் அந்த மனைவியும் பிரசவத்திலேயே போனாள். பெண் குழந்தை மட்டும் பிழைத்தது. அடுத்த ஆண்டு, 46 வயதில், அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தத் தொடர்தான் நுண்கணிதத்தின் அடித்தளம் என்று கணித அறிஞர் லாக்ராஞ்சு எடுத்துச் சொன்னது 1772-இல். நாற்பது ஆண்டு தாமதம்.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு பெரிய கணித டெய்லர் உண்டு, ஜெஃப்ரி இங்ராம் டெய்லர். கப்பல் நங்கூரத்தில் புதுவகை கண்டுபிடித்தார், நீரும் காற்றும் சுழலும் விதத்தை ஆராய்ந்தார். முதல் அணுகுண்டுச் சோதனையின் படங்கள் வெளியானபோது, நெருப்புக் கோளம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு விரிந்தது என்பதை அவற்றில் அளந்தே அதன் சக்தியைக் கணக்கிட்டு 1950-இல் வெளியிட்டார். இவரோடு எனக்கு ஒரு நெருக்கம் தோன்றக் காரணம் வேறு. இவர் தாய்வழித் தாத்தா ஜார்ஜ் பூல், தர்க்கத்தைக் கணக்காக்கிய பூலியன் இயற்கணிதத்தைத் தந்தவர். பாட்டி மேரி, சிகரத்துக்குப் பெயரான ஜார்ஜ் எவரெஸ்ட்டின் உடன்பிறந்த சகோதரரின் மகள். அந்த எவரெஸ்ட் பிற்காலத்தில் தலைமை ஏற்ற நில அளவைப் பணி தொடங்கியது சென்னை பரங்கிமலை அருகே, 1802-இல், படை அதிகாரி வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியை நீட்டி அளந்த இடத்தில். பரங்கிமலை ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

அமெரிக்க அதிபர்களிலும் ஒரு டெய்லர் இருக்கிறார். சக்கரி டெய்லர், படைத்தலைவராக இருந்தவர், பதவியேற்று 16 மாதங்களில் 1850-இல் இறந்தார். ஊசி தொட்டவர் அல்லர். உண்மையில் தையற்காரராக இருந்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன். சிறுவயதில் தொழில் பழக விட்ட இடத்திலிருந்து ஓடிப்போனார். பிடித்துத் தருபவருக்கு முதலாளி 10 டாலர் அறிவித்தார். டென்னசியின் கிரீன்வில்லில் அவர் நடத்திய தையல் கடையை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது கடை எவ்வளவு பெரியது என்று கேட்டார். படம் காட்டினேன். "நம் கடையைவிடக் கொஞ்சம் பெரிது" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

தமிழர் வாழ்க்கையோடு பின்னிப்போன டெய்லர்களும் இருக்கிறார்கள். கோலார் தங்கவயலில் 1880-களிலிருந்து சுரங்கங்களை நிர்வகித்தது இலண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ். வட ஆற்காட்டிலிருந்து போன ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சுரங்கங்களில் இறங்கின. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர். ஸ்காட்லாந்திலிருந்து 1852-இல் பதின்வயதுப் பையனாக வந்து, கண்டிக்கு அருகே லூல்கந்துரா தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்தவர். 1867-இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பூஞ்சை நோய் பரவ ஆரம்பித்து, காலப்போக்கில் தீவின் காப்பியை அழித்தது. அந்த மலைகள் முழுவதும் தேயிலையாக மாறின. கொழுந்து பறித்தவர்கள் இங்கிருந்து நடந்தும் கடல் கடந்தும் போன நம் மக்கள். 1892-இல் டெய்லர் சீதபேதியில் இறந்தபோது, தோட்டத்திலிருந்து கண்டி வரை அவர் உடலை 24 பேர் பன்னிரண்டு பன்னிரண்டாக மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். அவர் கல்லறைக் கல்லில் தேயிலைக்கும், கொய்னா மருந்து தரும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று பெயரோடு எழுதியிருக்கிறது. சுமந்த 24 பேரின் பெயர்களை நான் எங்கும் பார்த்ததில்லை. ஊருக்கு டெய்லராகவே இருந்துவிட்ட ஒருவரின் மகள் நான். அவர்களைக் கடந்து என்னால் எளிதில் போக முடிவதில்லை.

என்னை அதிகம் படுத்தியவர் பிலடெல்பியாவின் பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். 1856-இல் பிறந்த பொறியாளர். கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு தொழிலாளியின் பின்னால் நின்று, குனிய இத்தனை விநாடி, தூக்க இத்தனை விநாடி என்று வேலையைத் துண்டு துண்டாக அளந்தவர். இதுவும் ஒரு வெட்டுதான். பெத்லகேம் எஃகு ஆலையில் ஓர் ஆள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புக் கட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்ததை 47 டன்னாக உயர்த்தியதாக 1911-இல் வந்த தம் நூலில் எழுதினார். ஒவ்வொரு கட்டியும் 92 பவுண்டு. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. வேலை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி இரண்டு மடங்குகூட இல்லை. அதே ஆண்டு வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் கடிகாரத்தை நீட்டியபோது வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். நாடாளுமன்றம் விசாரித்தது. 1915-இல் அரசு ஆயுதச்சாலைகளில் அந்தக் கடிகாரத்துக்குத் தடை வந்தது.

அந்த நூலை நூலகத்தில் நின்றபடி படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. காரணம், அந்தக் கடிகாரத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ரெடிமேட் சட்டைகள் வந்து கடைக்கு ஆள் குறைந்த பிறகு, அப்பா ஷட்டரை இறக்கிவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அடையாள அட்டையில் 'டெய்லர்' என்றே போட்டுக் கொடுத்தார்கள். அங்கே அவருக்கு வேலை சட்டைப் பை வைப்பது. காலையிலிருந்து இரவு வரை சட்டைப் பை மட்டும். ஒரு பைக்கு 40 விநாடி. மதிய உணவு கொடுக்கப் போன ஒரு நாள் பார்த்தேன்: என் வயதுப் பையன் ஒருவன் அட்டையும் கடிகாரமுமாக அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான். கழுத்து, கை, காலர், காஜா என்று முழுச் சட்டையையும் தானே வெட்டித் தைத்தவர், பழகும் பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை ஓட்டினார். பின்னால் நிற்பவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் மட்டும் கை ஒரு நொடி நின்றது. அந்தப் பையனும் அதை எழுதிக்கொண்டான். வெட்டும் வேலைக்கு அங்கே வேறு ஆள்கள் இருந்தார்கள். அவர்கள் இயந்திரக் கத்தியால் அடுக்கு அடுக்காக வெட்டினார்கள். ஏழு ஆண்டுகள் அப்பா கத்தரிக்கோலைத் தொடவில்லை.

இப்போது அப்பா வீட்டில் இருக்கிறார். கண் அறுவை நடந்து, பழைய மேசையைத் திண்ணையில் போட்டிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குப் பள்ளிச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, முதலாண்டு மாணவியாக நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு இப்போது சொன்னேன்: அந்தப் புரூக் டெய்லர் தைத்தவர் இல்லை, அவருடைய முன்னோர் யாராவது தைத்திருக்கலாம், அந்தச் சொல்லுக்கே துணி வெட்டுகிறவர் என்றுதான் அர்த்தம்.

அப்பா சாக்பீஸின் முனையை நகத்தால் கூராக்கினார். "தைப்பது என்று எழுதியிருக்கவில்லையா?"

"இல்லை அப்பா. வெட்டுவது."

"அப்படியா" என்றார். பிறகு துணியை நீவி, கை பொருந்தும் இடத்தில் புள்ளிகள் வைத்தார். நான் எண்ணினேன், ஆறு. கோடு இழுக்கப் போனவர் நின்று, வளைவு திரும்பும் இடத்தில் ஏழாவதாக ஒன்று வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துத் தரச் சொன்னார்.