வெறுங்கையோடு பொதிகைக்கு

எங்கள் ஆச்சி குளித்துவிட்டு வந்ததும் மேற்கே திரும்பி ஒரு கும்பிடு போடுவாள். அம்பாசமுத்திரத்தில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்தத் திசையில் மலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. "அதோ, அகத்தியர் இருக்கிறார்" என்பாள். தாத்தா இளவயதில் பாபநாசம், காரையாறு, கண்ணிகட்டி வழியாகப் பொதிகை ஏறி வந்தவர். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் போனதில்லை.

தாத்தா போன வழி இன்று புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அதில் யாத்திரை கிடையாது. இப்போது திருவனந்தபுரம் போய், விதுரை வழியாகப் போணக்காடு சேர்ந்து, கேரளத்துப் பக்கமிருந்துதான் ஏற வேண்டும். ஆண்டு தொடக்கத்தில் மழையில்லாத சில வாரங்களுக்கு மட்டும் அனுமதி தருகிறார்கள். பெண்களுக்கு அந்த வழி திறந்தது 2019 ஜனவரியில், உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. என் ஐம்பத்தோராவது வயதில் எனக்கு இடம் கிடைத்தது.

அனுமதிச் சீட்டின் நிபந்தனைகளைப் படித்தபோது மனம் சற்றே வாடிப்போனது. பிளாஸ்டிக் கூடாது, சரி. பூஜைப் பொருள்களும் கூடாது. ஆச்சியின் நினைவாக எடுத்துவைத்திருந்த திருநீற்றுப் பையையும் கற்பூரத்தையும் சுவாமி அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் முழுவதும் காடு. கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஓடைகளைத் தாண்டித் தாண்டி நடந்தோம். நிழல் முடிந்து புல்வெளி வந்ததும் வெயில் தலையில் இறங்கியது. அதன்பின் முட்டிடிச்சான். ஏறும்போது முழங்கால் நெஞ்சில் இடிக்கும் செங்குத்து அது. பெயர் வைத்தவன் நிச்சயம் அதில் ஏறியவன்தான். வழிகாட்டியாக வந்தவர் இந்த மலையின் பழங்குடியான காணிக்காரர். "மெல்ல வாருங்கள் சேச்சி, மலை எங்கேயும் போகாது" என்றார்.

1987-இல் இந்தக் காட்டுக்கு வந்த தாவரவியலாளர்கள் களைத்து விழுந்தபோது, கூட வந்த காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சோர்வில்லாமல் நடந்தார்களாம். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளியுலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். சித்த மருத்துவத்துக்கு அகத்தியரை முதல்வராகச் சொல்கிறோம். அவர் மலையில் மருந்தறிந்தவர்கள் இன்னும் நடமாடுகிறார்கள் என்பதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

காணிகளுக்கு அகத்தியர் குலதெய்வம் போன்றவர். பெண்கள் மலையேறுவதை அவர்களில் பலர் விரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதிருமலை முகாமில் இரவு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டியிடமே கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பக்தியோடு வருகிறவர்களை முனி பார்த்துக்கொள்வார். சிலையைத் தொடாதீர்கள், அது போதும்" என்றார். தொடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஏற்றம். ஈற்றை மூங்கில் காட்டில் யானைச் சாணம் ஈரமாகக் கிடந்தது, யாரும் பேசவில்லை. பொங்காலைப்பாறையில் பாறைமேல் பரவி ஓடுகிறது தண்ணீர். தாமிரபரணியின் தலை ஊற்றுகளில் இதுவும் ஒன்று என்றார் வழிகாட்டி. குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பிறந்த நாள் முதல் குடித்து வளர்ந்த ஆறு, அங்கே என் கணுக்காலைக்கூட நனைக்காத அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் மரங்கள் குட்டையாகிவிடுகின்றன. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். 1868 மீட்டர் உயரத்தில் காற்று ஆளைத் தள்ளியது. நான்கடி தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாத மூடுபனி. அதற்குள்தான் அவர் இருந்தார். கோபுரம் இல்லை, கூரை இல்லை, விளக்கும் இல்லை. கருங்கல்லில் ஒரு முனிவர், மழையும் வெயிலும் மாறிமாறி அபிஷேகம் செய்ய, நின்றுகொண்டிருந்தார்.

தள்ளி நின்று கைகூப்பினேன். கையில் ஒரு பூகூட இல்லை. தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று நாம் போற்றுகிற முனிவருக்கு என்ன கொடுப்பது? வாயில் வந்தது உயிரெழுத்துகள்தாம். அ, ஆ, இ, ஈ என்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். ஆச்சி ஐம்பது வயதுக்குமேல், பேத்தியான என்னிடம் பலகையில் எழுதிக் கற்றுக்கொண்ட எழுத்துகள் அவை. ஔ வரை வந்து, ஃ சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மலையாளப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் பனி கிழக்குப் பக்கம் விலகியது. கீழே, வெகு தூரத்தில் காரையாறு அணை ஒரு தகடு போல மின்னியது. அந்தப் பக்கம்தான் எங்கள் ஊர். ஆச்சி நின்று கும்பிட்ட இடத்தை நோக்கி, இந்த முனையிலிருந்து நான் ஒரு கும்பிடு போட்டேன்.